எல்லா விளக்கும் பச்சை, மோட்டார் மட்டும் அசையவில்லை

ஈதர்கேட் என்பது தொழிற்சாலை இயந்திரங்களை இணைக்கும் நெட்வொர்க்; மாஸ்டர் என்ற ஒரு கணினி கட்டளையிடும், ஸ்லேவ் எனப்படும் கருவிகள் கேட்கும். ஈடி1100, லேன்9252 மாதிரியான ஈதர்கேட் ஸ்லேவ் சிப்பை வெறும் நெட்வொர்க் சிப் என்று நினைத்து இறங்கினால் நிச்சயம் அடி வாங்குவீர்கள். அது இரண்டு வாசல் உள்ள ஒரு மெமரி. ஒரு வாசலில் கேபிள் வழியாக மாஸ்டரின் ஃபிரேம் வந்து, நிற்காமல் ஓடிக்கொண்டே எழுத வேண்டியதை எழுதி, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்லேவுக்குப் போய்விடுகிறது. மறு வாசலில் உங்கள் மைக்ரோகன்ட்ரோலர், எஸ்பிஐ என்ற சீரியல் இணைப்பு வழியாகவோ 8 அல்லது 16 பிட் பேரலல் பஸ் வழியாகவோ. இந்த இரண்டாவது வாசலுக்குத்தான் பிடிஐ என்று பெயர், வம்பெல்லாம் பெரும்பாலும் இங்கேதான்.

இந்த வாசல் எந்த வகை என்பதைச் சிப் தன் அமைப்புகள் பதிந்திருக்கும் ஈஈப்ராம் என்ற சிறு மெமரியைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஈஈப்ராம் காலி, அல்லது செக்சம் தப்பு என்றால் பிடிஐ திறக்கவே திறக்காது. குழப்பம் என்னவென்றால் கேபிள் பக்கம் வேலை செய்யும், மாஸ்டர் ஸ்கேன் செய்தால் ஸ்லேவ் தெரியும், நீங்கள் எஸ்பிஐ கோடைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மாஸ்டரிலிருந்து ஹெக்ஸ் 0110 ரெஜிஸ்டரின் முதல் பிட்டைப் பாருங்கள், அது 0 என்றால் ஈஈப்ராம் சரியாக ஏறவில்லை, கோடைத் தொடாதீர்கள். 16 கிலோபிட்டுக்குப் பதில் 32 கிலோபிட் ஈஈப்ராம் போட்டுவிட்டு, அளவைச் சொல்லும் பின்னை மாற்ற மறந்த போர்டுகளை நானே பார்த்திருக்கிறேன். முகவரி ஒரு பைட்டா இரண்டு பைட்டா என்பதே அங்கே மாறிவிடுகிறது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ஒரு டிரைவ் போர்டு. ஸ்லேவ் ஓபி (முழுமையாக இயங்கும்) நிலைக்கு வந்துவிட்டது, ரன் விளக்கு அணையாமல் எரிகிறது, ஒர்க்கிங் கவுன்டர் (ஃபிரேமை ஸ்லேவ் சரியாகக் கையாண்டதா என்று காட்டும் எண்) சரி, ஒரு எரர் கூட இல்லை. ஆனால் மாஸ்டர் என்ன வேகம் அனுப்பினாலும் கன்ட்ரோலருக்குப் பழைய மதிப்பே வருகிறது. இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால், வெளியீட்டு டேட்டா முன்பு 6 பைட், யாரோ ஒரு பிடிஓ (தொடர்ந்து போய்வரும் டேட்டாவின் ஒரு தொகுப்பு) சேர்த்து 8 ஆக்கியிருக்கிறார்கள், படிக்கும் ஃபங்ஷன் மட்டும் இன்னும் 6 பைட்தான் படிக்கிறது.

இரண்டு வாசலும் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் சிங்க் மேனேஜர் மூன்று பஃபரை வைத்துச் சுழற்றுகிறது. முதல் பைட்டைப் படித்ததும் ஒரு பஃபர் உங்கள் கைக்கு வருகிறது, கடைசி பைட்டைப் படித்தால்தான் அதைத் திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கு. ஏழாவது, எட்டாவது பைட்டைத் தொடவே இல்லையென்றால் அந்தப் பழைய பஃபரைக் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். மாஸ்டர் மற்ற பஃபர்களில் நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கும், அதனால் ஒர்க்கிங் கவுன்டர் ஏறும். டேட்டா வராமல் நின்றால் எச்சரிக்கும் பிராசஸ் டேட்டா வாட்ச்டாக்கும், வழக்கமாக 100 மில்லிசெகண்ட், மாஸ்டர் எழுதுவதைத்தான் பார்க்கிறது, அதனால் அதுவும் குரைக்காது. உள்ளீட்டுப் பக்கத்திலும் இதே கதைதான், கடைசி பைட்டை எழுதாவிட்டால் மாஸ்டர் பழையதையே பார்க்கும்.

ஈடி1100-இல் எஸ்பிஐ என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். சிப் அடுத்த பைட்டை முன்கூட்டியே எடுத்து வைக்கும் பழக்கமுள்ளது. அதனால் கடைசி பைட்டைப் படிக்கும்போது மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து சிப்புக்குப் போகும் டேட்டா லைனை ஹையாக வைத்து 'இத்தோடு போதும்' என்று சொல்ல வேண்டும், அதாவது 00-க்குப் பதில் எல்லா பிட்டும் 1 ஆன பைட்டை அனுப்ப வேண்டும். டேட்டாஷீட்டில் இருக்கிறது, ஆனால் யார் படிக்கிறார்கள்?

அப்புறம் நான் செய்த ஏற்பாடு இதுதான்: பைட் எண்ணிக்கையைக் கோடில் எங்கேயும் கையால் எழுதுவதில்லை. ஓபிக்கு முந்தைய நிலைகளில், ப்ரீ-ஓபியிலிருந்து சேஃப்-ஓபிக்குப் போகும்போது ஹெக்ஸ் 0812-இல் மாஸ்டர் எழுதிய நீளத்தை வாசித்து, பிடிஓ மேப்பிங்கிலிருந்து ஃபர்ம்வேர் கணக்கிட்ட நீளத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் அங்கேயே மறுத்துவிடுகிறேன். படிக்கும் ஃபங்ஷனும் அதே எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறது.