கிளிக் என்றால் அழுத்துவதா?

போன வாரம் அம்மா கைப்பேசியில் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தார். செயலியில் ‘தொடர இங்கே அழுத்தவும்’ என்று இருந்தது. விரலை ஊன்றி அழுத்தினார். எழுத்தெல்லாம் நீலமாகி, ‘நகலெடு’ என்று ஒரு பட்டை முளைத்தது. இன்னும் பலமாக அழுத்தினார். “அழுத்திக்கிட்டேதானே இருக்கேன், போக மாட்டேங்குதே” என்றார். தப்பு அவர்மேல் இல்லை. ஆங்கிலத்தின் ‘கிளிக்’குக்கு ‘அழுத்தவும்’ என்று போட்டவர்மேல்தான்.

கிளிக் ஒலிக்குறிப்புச் சொல். தாழ்ப்பாள் விழும் சத்தம், பூட்டு பூட்டிக்கொள்ளும் சத்தம். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அப்புறம் கேமராவுக்குப் போய், மவுஸுக்கு வந்தது. மவுஸ் பொத்தானுக்கு அடியில் சின்ன உலோகத் தகடு ஒன்று சட்டென்று வளைந்து தாவும். காதில் விழுவது அதுதான்.

இதற்குத் தமிழில் சொடுக்கு இருக்கிறது. சாட்டையைச் சொடுக்குகிறோம், விரலில் சொடக்குப் போடுகிறோம். சத்தம், வேகம் இரண்டும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. தொல்காப்பியம் எழுத்து ஒலிக்கும் நேரமான மாத்திரைக்கு அளவு சொல்லும்போது ‘கண்ணிமை நொடி’ என்கிறது. அந்த நொடி விரலை நொடிப்பது, அதாவது சொடக்கு. கிளிக்குக்கும் அவ்வளவுதான் நேரம்.

அழுத்துவது வேறு வேலை. ரத்தம் நிற்கக் காயத்தை அழுத்துவோம், பெட்டி மூடத் துணியை அழுத்துவோம். அதற்கு நேரம் பிடிக்கும், சத்தம் கிடையாது. கைப்பேசியில் விரலை எடுக்காமல் வைத்திருப்பதற்கு ‘அழுத்திப் பிடிக்கவும்’ என்கிறார்கள். அங்கே அது சரி. இரண்டுக்கும் ஒரே வினையைக் கொடுத்தால் அம்மா எதைச் செய்வார்? தென்னாப்பிரிக்காவின் சோசா, சூலு மொழிகளில் நாம் உச்சுக்கொட்டுவது போன்ற ஒலிகள் மெய்யெழுத்துகளாகவே உண்டு. மொழியியலில் அவற்றுக்கும் கிளிக் என்றே பெயர். சொடுக்கொலி என்றால் பொருந்துகிறது. அழுத்தொலி என்று சொல்லிப் பாருங்கள்.

சொடுக்கு யாருக்கும் புரியாது என்கிறார்கள் மொழிபெயர்ப்பவர்கள். பேரப்பிள்ளைக்குத் திருஷ்டி கழித்து, நெற்றிப்பொட்டில் விரல் மடக்கிச் சொடக்கெடுக்கும் பாட்டிக்கா புரியாது? ஆங்கில வரியை அகராதியோடு ஒப்பிட்டதோடு சரி, விரல் என்ன செய்கிறது என்று இவர்கள் பார்ப்பதே இல்லை.

ஆனால் தொடுதிரையில் சொடுக்குவதற்குப் பொத்தானே இல்லை. அங்கே தட்டு என்பதே சரி. “அழுத்தாதேம்மா, சும்மா ஒரு தட்டு தட்டு” என்றேன். தட்டினார். அடுத்த பக்கம் வந்தது. அதிலும் ‘அழுத்தவும்’.