மேன்ஷன் வாசலில் ஒரு பூட்டு

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வடாம், ஊறுகாய் விற்க ஒரு வெப்சைட் வைத்திருக்கிறேன். திருட்டுப் படத் தளங்களை முடக்க ஊருக்கு ஊர் புதுச் சட்டம் பேசுகிறார்களே, அது என்னையும் பாதிக்குமா?"

உங்கள் ஊறுகாய்க்கு ஆபத்தில்லை. ஆனால் உங்கள் தளம் தப்புமா என்பது, இணையத்தில் அதற்குப் பக்கத்து அறையில் யார் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அடிப்படை தெரிந்ததுதான். தளத்தின் பெயரைத் தட்டினால் டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் புத்தகம் அதற்கான எண் முகவரியைத் தருகிறது, பிரவுசர் அங்கே போய்ப் பக்கத்தைக் கேட்கிறது. தடை போடுகிறவர் பெயரை அடைக்கலாம், எண்ணையும் அடைக்கலாம். வேடிக்கை எண்ணில்தான் இருக்கிறது.

இணையத்தின் பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. தளத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் கட்டுப்படியாகாது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு எண் ஒன்று, உள்ளே நூறு அறை. வந்தவர் யாரைப் பார்க்க வந்தார் என்று வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும்? பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியின் 1.1 பதிப்பு 1997இல் வந்து இதை ஒரே வரியில் தீர்த்தது: வாசலுக்கு வரும் பிரவுசர், 'ஹோஸ்ட்' என்று போட்டுத் தான் தேடி வந்த தளத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே முகவரியில் குடியிருப்பது இந்த ஒரு வரியால்தான். உங்களுக்கு மலிவு வாடகையில் இடம் கிடைப்பதும் அதனால்தான்.

அப்புறம் பேச்சை உறைக்குள் போட்டு மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் வந்தது. மறைப்பதற்கு முன்பே சர்வர், அதாவது தளங்கள் குடியிருக்கும் கணினி, தளத்தின் அடையாளச் சான்றிதழைக் காட்ட வேண்டும். நூறு பேரில் யாருடைய சான்றிதழை? பெயரோ உறைக்குள் இருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் உறையைத் திறக்க முடியாது. 2003இல் வந்த எஸ்என்ஐ என்ற ஏற்பாடு, பெயரை மட்டும் உறையின் மேலேயே எழுதச் சொல்லி முடிச்சை அவிழ்த்தது. எனக்கு இதில் தீராத வியப்பு. ஆக, நடுவில் நிற்கும், இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படத்துக்காகப் பிறப்பித்த தடையாணையைக் காட்டி, இந்த இணைப்பு நிறுவனங்கள் விமியோ போன்ற வீடியோ தளங்களையே முழுசாக மூடின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நியாயமான வார்த்தை. ஆனால் எச்டிடிபிஎஸ் பரவிய பிறகு நிறுவனத்தால் எந்தப் பக்கம் என்று பார்க்கவே முடியாதே! அடைத்தால் தளம் முழுசையும்தான் அடைக்க வேண்டும். 2017இல் இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பெரிய இணைய நூலகமே இங்கே முடங்கியது.

எண்ணை அடைத்தால் இன்னும் மோசம், மேன்ஷன் வாசலுக்கே பூட்டு. 2022இல் ஆஸ்திரியாவில், ஏராளமான தளங்களைத் தன் முகவரிகளில் வைத்திருக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சில முகவரிகளை அடைத்ததில் சம்பந்தமில்லாத தளங்களும் சேர்ந்து படுத்தன. இத்தாலியின் 2023 திருட்டுத் தடுப்புச் சட்டம் புகார் வந்த 30 நிமிடத்தில் தடுக்கச் சொல்கிறது. 2024 அக்டோபரில் அங்கே கூகுள் டிரைவே மாட்டிக்கொண்டது. அரை மணியில் யார் சரிபார்ப்பது? திருட்டுத் தளங்களை முடக்க அமெரிக்கா கொண்டுவந்த 2011 மசோதாவை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா மறு ஆண்டு ஜனவரியில் ஒரு நாள் கடையடைத்தது, மசோதாவும் கிடப்புக்குப் போனது.

திருட்டுப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. படம் எடுத்தவர் வயிற்றில் அடிப்பது அது. ஆனால் ஒரு பூட்டில் எத்தனை அப்பாவிகள் மாட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிட்டுச் சட்டம் எழுதலாமே. ஆயுத பூஜைக்கு சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம், சரி. பொட்டு பார்த்துப் பூட்டு விலகாது.

உங்கள் தளத்துக்கு சர்வரில் இடம் (ஹோஸ்டிங்) விற்றவரிடம் தனி முகவரியா, பங்கு முகவரியா என்று கேளுங்கள். புகார் வரும் மின்னஞ்சலைத் தினமும் திறந்து பாருங்கள். பிறர் படைப்புக்கு இணைப்புத் தரும் தளங்களுக்கு, உரிமையாளர் எழுத்தில் புகார் தந்தால் 36 மணி நேரத்துக்குள் தடுக்க வேண்டும் என்று நம் பதிப்புரிமை விதிகளிலேயே இருக்கிறது. 21 நாளில் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மறுபடி திறக்கலாம்.

இன்னொன்று. அந்த ஆவக்காய் ஜாடிப் படம் நீங்கள் எடுத்ததுதானே? கூகுளில் எடுத்தது என்றால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.