ஃபயர்வாலுக்குத் தெரியாத பொய்

நெட்வொர்க் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் பல அலுவலகங்களில் முதலில் காட்டுவது ஃபயர்வாலைத்தான். வெளியிலிருந்து வருபவனை அது தடுக்கும். உள்ளேயே ஒரு லேப்டாப்பைச் செருகியவன் பக்கத்து மேசைக் கணினியிடம் சொல்லும் பொய் அதன் காதில் விழாது.

அந்தப் பொய்க்கு இடம் கொடுப்பது ஏஆர்பி. ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியை, அதாவது கருவியின் நெட்வொர்க் அட்டைக்குரிய அடையாள எண்ணைக் கண்டறியும் இந்த நெறிமுறை 1982-இல் வெளியானது. பதில் சொல்பவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. 'ரவுட்டர் நான்தான்' என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தால், மற்றக் கணினிகள் நம்பித் தரவை அவனிடம் அனுப்பும். அவன் அதை உண்மையான ரவுட்டருக்குக் கடத்திவிடுவதால் இணையமும் தடைபடாது.

சந்தேகம் எழுந்தால் கணினியின் ஏஆர்பி பட்டியலைப் பாருங்கள். ரவுட்டரான 192.168.1.1-க்கும் யாரோ ஒருவரின் 192.168.1.37-க்கும் ஒரே மேக் முகவரி இருந்தால் உடனே விசாரியுங்கள். (ஒரே கருவிக்கு இரண்டு ஐபி கொடுத்திருந்தாலும் இப்படித் தெரியும், அவசரப்பட்டு யார்மீதும் பழி போடாதீர்கள்.)

அலுவலகக் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் கருவியான ஸ்விட்ச்சில், நிர்வகிக்கக்கூடிய வகைகள் பலவற்றில் இதற்கான காவல் ஏற்கெனவே உண்டு. அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். கணினிகளுக்குத் தானாக ஐபி வழங்கும் முறை டிஎச்சிபி. அதைக் கவனிக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கினால், எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) எந்தக் கணினிக்கு எந்த ஐபி தரப்பட்டது என்று ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பொய்ப் பதில்களைத் தள்ளிவிடும்.

இரண்டையும் ஒரே நாளில் இயக்காதீர்கள். ஏற்கெனவே ஐபி வாங்கிய கணினிகள் அதைப் புதுப்பிக்கும்வரை ஸ்விட்ச்சின் குறிப்புப் பட்டியலில் ஏறமாட்டா. பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர், விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் நிலையான ஐபி கொடுத்திருப்பார்கள். அவை தாமாக ஏறவே மாட்டா, கையால் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் இயக்கினால், மறுநாள் காலை வருகைப்பதிவு நின்று, வாசலில் வரிசை நிற்கும். யாரோ கோபத்தில் பாதுகாப்பை அணைப்பார்கள். பிறகு அது திரும்ப வருவதே இல்லை. அந்தப் பட்டியலைக் கோப்பாகச் சேமிக்கவும் ஸ்விட்ச்சை அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் மின்வெட்டுக்குப் பின் ஸ்விட்ச் வெறும் பட்டியலோடு எழும்.

விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி தனிமைப்படுத்துங்கள். கணக்குப் பிரிவினரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: வங்கித் தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை (தளம் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என உலாவி காட்டுவது) வந்தால், நடுவில் ஒருவன் இருக்கலாம் என்பதால் 'தொடர்க' என்பதை அழுத்தாமல் உங்களைக் கூப்பிடட்டும்.