பிரிட்ஜுக்குள் வைத்த சிலந்தி தூங்கவில்லை

போன சனிக்கிழமை ஸ்டூடியோ பூட்டுகிற நேரத்தில் ஒரு தம்பி வந்தான். உயர்தரம் படிக்கிற பிள்ளை, என்னிடம் மேக்ரோ வகுப்புக்கு (பூச்சி போன்ற சின்னவற்றை மிக நெருக்கமாகப் படம் எடுப்பது) இரண்டு தடவை வந்தவன், நல்ல கண். கையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, "அண்ணா, இது காலையில் இருந்து எழும்புதே இல்லை, இன்னும் எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டான். உள்ளே ஒரு பாய்ச்சல் சிலந்தி, எட்டுக் காலும் வயிற்றோடு மடங்கிக் கிடந்தது. அசையாமல் இருந்தால் படம் எடுக்கலாம் என்று இரவு முழுக்கப் பிரிட்ஜில் வைத்திருக்கிறான். யாரோ வீடியோவில் சொல்லிக் கொடுத்தார்களாம்.

பிள்ளையை நான் ஏசவில்லை. ஆனால் இந்த வருடத்தில் என் மேசைக்கு இப்படி வந்தது இது நான்காவது, அதனால் இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

"குளிரில் வைத்தால் பூச்சி தூங்கும், வெளியே எடுத்தால் எழும்பிப் போய்விடும்." இதைத்தான் எல்லாரும் நம்புகிறார்கள், வளர்ந்தவர்களும்தான். அது தூக்கமே இல்லை. பூச்சிக்கும் சிலந்திக்கும் நம்மைப் போல உடம்புக்குள் சூடு பிடித்து வைக்கும் வசதி கிடையாது, சுற்றியுள்ள காற்று எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு உடம்பும் குளிர்ந்துவிடும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் நரம்பும் தசையும் வேலை செய்யாது, உடம்புக்குள் இருக்கிற உப்புகளின் அளவே குழம்பிப் போகும். அசையாமல் கிடப்பது ஓய்வெடுப்பதால் இல்லை, அசைய முடியாததால். குளிர் நாடுகளில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் பிடிக்கிற பூச்சிகளுக்குப் பிரிட்ஜின் 4 பாகைக் குளிர் புதிதில்லை, அங்கே இலையுதிர் காலத்து இரவே அப்படித்தான் இருக்கும், அதைத் தாங்க உடம்பு பழகியிருக்கும். (அங்கேயும் அது சரி என்று நான் சொல்லவில்லை.) நம் திருகோணமலையில் 20 பாகைக்குக் கீழே இரவு இறங்குவதே அருமை. உவர்மலையில் ஒரு வேலியில் பிறந்து வளர்ந்த சிலந்தி தன் பரம்பரையிலேயே கண்டிராத குளிர் உங்கள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

உடனே பதில் வரும்: "நான் வைத்தது பத்து நிமிடம்தான் அண்ணா, பிறகு நடந்து போனதைக் கண்ணால் கண்டேன்." நடந்து போனதைக் கண்டீர்கள், அடுத்த நாள் கண்டீர்களா? குளிரில் பட்ட சேதம் உடனே தெரிய வேண்டும் என்று இல்லை, சில நாள் கழித்துக்கூடச் சாகும். அதுவரை தள்ளாடித் திரிகிற பூச்சியை எறும்பும் ஓணானும் விட்டுவைக்குமா? இன்னொன்று, நம் ஊர் ஈரக் காற்றில் குளிர்ந்த பொருள் எதை வெளியே வைத்தாலும் வியர்க்கும். சோடாப் போத்தலில் பார்க்கிறோமே, அதேதான் தும்பியின் உடம்பிலும் நடக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் "அதிகாலைப் பனித்துளி" என்று தலைப்புப் போட்டு முகநூலில் ஏற்றுகிறீர்கள்.

படத்தைப் பார்த்தாலே தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது, மடக்கத்தான் தசை இருக்கிறது. நீட்டுவது உள்ளே ஓடும் திரவத்தின் அழுத்தம். உயிர் போனால் அழுத்தம் போகும், கால் உள்ளே சுருண்டுவிடும். அந்தக் காலை ஊசியால் விரித்துவைத்து எடுத்த படங்களும் போட்டிக்கு வருகின்றன! பாய்ச்சல் சிலந்தியின் முன்னால் இருக்கிற இரண்டு பெரிய கண்களில் உள்ளே விழித்திரை அசைந்துகொண்டே இருப்பதால், உயிரோடு இருப்பதைத் தொடர்ந்து எடுத்தால் ஒரு படத்தில் கண் கறுப்பாகவும் அடுத்ததில் தேன் நிறமாகவும் வரும். நான் நடுவராக இருக்கிற இடங்களில் ஒரு படம் போதாது, தொடர்ந்து எடுத்த ஐந்து படம் காட்டுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

சரி, அசையாத பூச்சி வேண்டுமா? விடிய ஐந்தரைக்கு எழும்புங்கள். தை, மாசியில் தம்பலகாமத்து வயல் வரம்பில் போய் நின்று பாருங்கள், வெயில் ஏறும்வரை தும்பி புல்லின் நுனியில் அப்படியே இருக்கும், இறக்கையில் உண்மையான பனி இருக்கும். பின்னேரம்தான் நேரம் என்றால் நீலப் பட்டைத் தேனீயைத் தேடுங்கள். அதன் ஆண்கள் இருட்டுகிற நேரத்தில் ஒரு காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விப் பிடித்துத் தொங்கியபடியே உறங்கும், ஒரே தண்டில் வரிசையாகக்கூட இருக்கும். பெரும்பாலும் அடுத்த நாளும் அதே இடத்துக்கு வரும். முதல் தடவை அதைக் கண்ட அன்று நான் கமராவை எடுக்கவே மறந்து நின்றேன்.

முசுறுக் கூடு இருக்கிற மாமரத்தடியில் அரை மணி நேரம் பொறுமையாக நில்லுங்கள். முசுறுக் கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று மட்டும் நூலில் இறங்கினால், அது எறும்பு மாதிரி வேடம் போட்ட சிலந்தி. இதையெல்லாம் எந்த டப்பாவுக்குள் வைத்து எடுப்பீர்கள்?

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது செடி ஆடும், பூச்சியை அதன் உண்மையான அளவுக்கே எடுக்கிறபோது லென்ஸின் துளையை எஃப் 11 வரை சிறிதாக்கினாலும் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் தடிப்புத்தான், அதனால் படம் கலங்கும். அதற்குக் கிளையை முறித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. தண்டை ஒரு உடுப்புக் கிளிப்பால் குச்சியோடு பிடியுங்கள், பிளாஷைக் குறைந்த வலுவில் வையுங்கள், அந்த ஒளி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரம்தான் எரியும், ஆட்டம் உறைந்துவிடும். பிளாஷுக்கு முன்னால் வெள்ளை ரெஜிபோமோ டிரேசிங் தாளோ கட்டுங்கள். இதற்கு மேல் கருவியைப் பற்றி இன்றைக்கு வேண்டாம்.

பசை, ஹெயார் ஸ்பிரே, ஊசி எதுவும் வேண்டாம். சிலந்தி வலையில் மா தூவ வேண்டாம். தோலுரித்துக்கொண்டிருப்பதைத் தொடவே கூடாது, அந்த நேரம் இறக்கை ஈரக் கடதாசி மாதிரி, கோணிப்போனால் பிறகு நிமிராது. இரவில் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள், நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் போடுங்கள், புல்லில் படுப்பதற்கு முன் டோர்ச் அடித்துப் பாருங்கள், விரியன் இருக்கிற ஊர் இது. பிரட்றிக் கோட்டைப் பக்கமும் துறைமுகப் பக்கமும் கேட்டுவிட்டுக் கமராவை எடுங்கள்.

காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. யால தேசிய பூங்காவில் போத்தல்களில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இத்தாலியத் தந்தைக்கும் மகனுக்கும் 2024இல் 6 கோடி ரூபா தண்டம் விழுந்தது. "ஒரு பூச்சிதானே" என்று நீதிமன்றம் நினைக்கவில்லை. தேசிய பூங்காவில் இருந்து ஒரு வண்டைக்கூட எடுத்து வரக் கூடாது, படம் எடுக்கத்தான் என்றாலும் கூடாது.

கடைசியாகப் புலிமுகச் சிலந்தி. பழைய மரப் பொந்துகளில் இருப்பது, கடித்தால் தசைகள் இழுத்துப் பிடித்து நல்ல பாடுபடுத்தும், ஆனால் நாம் அதற்குச் செய்வதுதான் கூடுதல். செல்லப் பிராணியாக வளர்க்க வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். 2019இல் இந்தச் சிலந்திப் பேரினம் முழுவதையும், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தார்கள், அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு விற்க முடியாத பட்டியல் அது. கண்டால் பொந்துக்குள் குச்சி விடாதீர்கள், பட்டையை உரிக்காதீர்கள், வெளியே வரும்வரை இருந்து எடுங்கள், வராவிட்டால் இன்னொரு நாள் போங்கள். படத்தைப் போடும்போது ஊர் பெயரைப் போட வேண்டாம், போனில் இடம் காட்டுகிற வசதியை நிறுத்திவிடுங்கள். எந்த மரம் என்று எனக்கும் அனுப்ப வேண்டாம்.