எந்த வான்? 'கவர்பொருள்' என்ற சொல்

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளம் நிரம்பிய ஒரு மார்கழியில், முரசுமோட்டையிலிருந்து சித்தப்பா எங்கள் குடும்பக் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "வான் கதவு திறந்தாச்சு. மாட்டை மேட்டுக்குச் சாய்ச்சுப்போட்டம்."

சுவிஸில் பிறந்த அக்காவின் மகன் அதைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தான். ஆகாயத்தின் கதவு திறந்ததாகவும், பசுவைக் குன்றின்மேல் சரித்து வைத்ததாகவும் வந்தது. அக்கா சின்ன வயதிலேயே போனவள்; அவளுக்கு வான் என்றால் வாகனம். "ஆற்ற வான்? ஆருக்கும் ஏதும் நடந்ததோ?" என்று பதறி அழைத்தாள். முரசுமோட்டையில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. குளத்தில் மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம் வான். அதன் கதவு திறந்தால் கீழ்ப்பக்கம் வெள்ளம் வரும்.

ஒரு சொல்லோ வசனமோ இப்படிப் பல பக்கம் பொருள்படுவதை ஆங்கிலத்தில் ஆம்பிகுயிட்டி என்பார்கள். வேர் லத்தீன். 'ஆம்பி' என்றால் இரு பக்கமும், 'அகெரே' என்றால் ஓட்டுதல். மாடு ஓட்டுவதற்கும் அதே அகெரேதான். வன்னியில் மாட்டை ஓட்டிப்போவதைச் சாய்ப்பது என்போம். ஆக, இரண்டு பக்கமும் சாய்த்துக்கொண்டு திரிவதுதான் அந்தச் சொல்லின் அடியில் கிடக்கிற படம்.

இதைத் தமிழில் 'தெளிவின்மை' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிழையாகவே படுகிறது. "இன்னும் கொஞ்சத் தூரம்" என்பது தெளிவின்மை; எவ்வளவு என்று சொன்னவருக்கே தெரியாது. "ரெண்டு கட்டை" என்பது வேறு. இரண்டு மைலாக இருக்கலாம், இரண்டு மரக்கட்டையாக இருக்கலாம். இரண்டு பொருளும் தனித்தனியே தெளிவானவை. எது என்பதுதான் கேள்வி. 'சிலேடை'யும் சரிவராது, அது புலவர் வேண்டுமென்றே செய்வது. 'பொருள்மயக்கம்' நல்ல சொல். நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாக 'மயங்க வைத்தல்' என்பதை நன்னூலும் சொல்கிறது. ஆனாலும் மயக்கம் கேட்பவருக்கு வருவது. சொல்லின் தன்மையைச் சொல்ல 'கவர்பொருள்' இன்னும் பொருத்தம். கவர் என்றால் கிளை பிரிவது. கவர்வழி என்றால் பிரிந்து போகும் பாதை. தண்டியலங்காரம் வழுக்களில் ஒன்றைக் 'கவர்படு பொருள்மொழி' என்கிறது.

அப்புறம், அந்தக் கவரில் சரியான கிளையைப் பிடிப்பதற்கு என்ன பெயர்? தமிழ் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்கிறார்கள். ஒரே பெயருள்ள பக்கங்களைப் பிரித்துக் காட்டுகிற வேலைக்கு அது சரி. மனதில் நடக்கும் வேலைக்குப் 'பொருள்தெரிதல்' என்பேன். தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் 'பொருள்தெரி நிலை' என்றே இருக்கிறது. வழியும் கூடவே இருக்கிறது: "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்". மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் விலங்கு. இது வினை. மாவும் மருதும் ஓங்கின என்றால் மரம். இது இனம். சார்பு என்றால் பேசும் சூழல்; அதற்கு உரைகாரர் காட்டுவது, கவசம் பூண்டு நிற்பவன் "மா கொணா" என்பது; அவன் கேட்பது குதிரை. புட்டுப்பானையை அடுப்பில் வைத்துவிட்டு அம்மா "மா கொண்டா" என்றால் நாங்கள் ஓடிப்போய் எடுத்து வருவது அரிசிமா. அம்மாவின் அடுப்படியும் அந்தக் கவசமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

மனித மூளை இதை எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்று மொழி உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979இல் சோதித்தார். கவர்பொருட் சொல்லைக் கேட்ட கணத்தில் இரண்டு பொருளும் விழிக்கின்றன. சில அசைகள் கடப்பதற்குள் பொருந்தாதது அடங்கிவிடுகிறது.

கணினிக்கு, பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்க்கச் சொல்லலாம் என்று கணிதவியலாளர் வாரன் வீவர் 1949இலேயே எழுதினார். 1960இல் மெய்யியலாளர் பார்-ஹில்லெல் மறுத்தார்: ஆங்கிலத்தில் பேனாவுக்கும் குழந்தை விளையாடும் அடைப்புக்கும் ஒரே சொல், "பெட்டி அதற்குள் இருந்தது" என்றால், பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்ற உலக அறிவு வேண்டும். சொற்களின் பொருளை எண்வரிசைகளாகக் கணினிக்குக் காட்டும் முறைகள் பின்னர் வந்தன. 2013இல் வந்த வேர்ட்2வெக் ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான் கொடுத்தது. வானமும் வாகனமும் அதில் கலந்து கிடக்கும். 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் முறையில், சுற்றியுள்ள சொற்களுக்கேற்ப ஒவ்வொரு சொல்லின் எண்வரிசையும் மாறுகிறது. தொல்காப்பியர் சொன்ன வினையும் இனமும் அதற்கு இப்போது எட்டுகின்றன. சார்பில்தான் தடுமாறுகிறது. தமிழ்நாட்டில் அந்த வாகனம் வேன், வழிந்தோடும் இடம் கலிங்கு. எங்கள் வானைப் பற்றி அது போதியளவு படித்திருக்காது. மழை பெய்வதும் வயல் கீழே இருப்பதும் அந்தச் செய்தியிலேயே இல்லை.

வினை வேறுபடாத இடமும் உண்டு. மா விழுந்தது என்றால் எந்த மா? அங்கே விளக்கிச் சொல்லியாக வேண்டும், "கிளந்தாங்கு இயலும்" என்கிறது அடுத்த சூத்திரம். 'வான் கதவு திறந்தாச்சு' அந்த வகை. வாகனக் கதவும் திறக்கும், குளத்துக் கதவும் திறக்கும். "வவுனிக்குளத்தில தண்ணி இல்லை" என்பதும் அப்படித்தான். வற்றியது குளமா, அந்தப் பெயருள்ள ஊரின் கிணறுகளா? அப்படி வரும்போது நாங்கள் திருப்பிக் கேட்போம். அக்காவும் அதைத்தான் செய்தாள். கைபேசி கேட்கவில்லை, தானே ஒன்றை எடுத்துக்கொண்டது.

அடுத்த மாரியில் சித்தப்பாவின் செய்தி இப்படி வந்தது: "குளத்து வான் கதவு திறந்தாச்சு. மாடு மேட்டில நிக்குது."