நிறம் தெரியாத நேரம்: இனப்பாகுபாட்டை அளப்பது எப்படி?

நிறத்தைப் பார்த்து முடிவெடுத்தேன் என்று எந்த மேலாளரும் எந்தக் காவலரும் ஒப்புக்கொள்வதில்லை. பலருக்கு அந்தப் பாகுபாடு தம்மிடம் இருப்பதே தெரியாது. ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கியதற்கும் ஒரு காரை நிறுத்தியதற்கும் வேறு காரணம் எப்போதும் கிடைத்துவிடும். ஆகவே, நிறம் தவிர மற்றவை ஒத்திருக்கும் ஏராளமான முடிவுகளை ஒப்பிட்டால்தான் பாகுபாடு புலப்படும்.

வேலைவாய்ப்பில் இதைச் சோதிப்பது ஓரளவு எளிது. பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களும் லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களும் குலுக்கல் முறையில் அவற்றில் இடப்பட்டன. 2004இல் வெளியான முடிவின்படி, வெள்ளையர் பெயருக்கு 10 விண்ணப்பங்களுக்கு வேலை தருவோரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினப் பெயருக்கு 15 அனுப்ப வேண்டியிருந்தது. அதே நாட்டின் மில்வாக்கி நகரில் சமூகவியலாளர் தேவா பேஜர் நேரில் ஆட்களை அனுப்பிச் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது: சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17 விழுக்காடும், குற்றப் பின்னணியே இல்லாத கறுப்பினத்தவருக்கு 14 விழுக்காடும் அழைப்பு கிடைத்தது.

காவல்துறையில் சிக்கல் கூடுதல். காவலர்களால் சாலையில் நிறுத்தப்பட்ட வண்டியோட்டிகளின் பதிவு உண்டு. அந்நேரம் சாலையில் சென்ற அனைவரின் பதிவு இல்லை. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழியை நான் மிகவும் மதிக்கிறேன். மாலை 7 மணிக்குக் கோடையில் வெளிச்சம் இருக்கும், குளிர்காலத்தில் இருட்டிவிடும்; ஆனால் அந்த நேரத்தில் வண்டி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் அதே மக்கள்தான். காவலரின் முடிவில் நிறத்துக்குப் பங்கு இல்லையென்றால், முகம் தெரியாத இருட்டிலும் நிறுத்தப்படுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு மாறக் கூடாது. அமெரிக்கா முழுவதும் நடந்த ஏறத்தாழ 10 கோடி வாகன நிறுத்தங்களை ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டியபின் அந்தப் பங்கு குறைந்தது.

நிறுத்திய பிறகு காரைச் சோதனையிடுவதிலும், கறுப்பினத்தவரையும், ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஹிஸ்பானியரையும் பொறுத்தவரை, வெள்ளையரைவிடக் குறைந்த சந்தேகமே காவலர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி, காரைச் சோதனையிட ஒரு காரணம் குறைந்த பின் எல்லா இனத்தவரிடமும் சோதனைகள் வெகுவாகக் குறைந்தன. இனங்களுக்கிடையிலான இந்த வேறுபாடு மட்டும் மறையவில்லை.