பயணப் பையில் முதலில் போக வேண்டியது குளிசைகள்

ஏப்ரல் பாடசாலை விடுமுறை நெருங்கினால் மட்டக்களப்புப் பாமசிகளில் கேட்கப்படும் சாமான்கள் மாறிவிடும். சத்திக் குளிசை, சித்தாலேப, பிளாஸ்டர், டெட்டோல், பிள்ளைகளுக்குப் பெனடோல் பாணி. நுவரெலியாவுக்கோ கதிர்காமத்துக்கோ வான் பிடித்துப் போகும் குடும்பங்கள் இவற்றை மறப்பதேயில்லை. மருந்தாளராக இந்த ஊரில் வேலை செய்கிற எனக்கு வேறொரு கவலை. பயணத்தில் வீட்டாரைத் திணறடிப்பது பெரும்பாலும் புதிதாக வந்த வருத்தம் அல்ல. ஏற்கெனவே இருக்கிற வருத்தத்தின் மருந்து வீட்டு அலுமாரியில் கிடந்துவிடுவதுதான்.

அப்படிப் போனவர்களிடமிருந்து அழைப்பு வரும். "தம்பி, அம்மாட சீனிக் குளிசைய விட்டிட்டு வந்திட்டம். வெள்ளை, வட்டமா இருக்கும். இங்க பாமசியில என்னெண்டு கேக்கிற?" வெள்ளை நிறத்தில் வட்டமாக இருக்கும் குளிசைகள் எத்தனையோ உண்டு. மெட்போமினும் அப்படித்தான், கிளிக்ளசைட்டும் அப்படித்தான். இரண்டுமே சீனி வருத்தத்துக்குத்தான் என்றாலும், மெட்போமின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்குவது அரிது, கிளிக்ளசைட் இறக்கக்கூடியது. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து எந்த மருந்தாளரும் ஊகித்துக் கொடுக்கக் கூடாது, கொடுத்தாலும் வாங்கிப் போடாதீர்கள்.

அதனால் உடுப்பு மடிக்கத் தொடங்கும் முன்பே கிளினிக் கொப்பியைத் தேடி எடுங்கள். அதைக் கையோடு கொண்டு போங்கள். கடைசியாக மருந்து எழுதிய பக்கத்தைத் தொலைபேசியில் படம் பிடித்து, பயணம் போகும் இன்னொருவரின் தொலைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். கொப்பியில் மருந்தின் மூலப் பெயர், அதாவது குளிசைக்குள் இருக்கும் மருந்துப் பொருளின் பெயர், ஆங்கில எழுத்தில் இருக்கும். அந்தப் பெயரை நுவரெலியாவிலும் வாசிப்பார்கள், மாத்தறையிலும் வாசிப்பார்கள், சென்னையிலும் வாசிப்பார்கள். கம்பனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், மூலப் பெயர் மாறாது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போகிறவர்கள் மகாஓயா தாண்டிப் பிபிலையைக் கடப்பீர்கள். மருந்துகளை மூலப் பெயரால் எழுத வேண்டும், வாங்க வேண்டும் என்று இந்த நாட்டில் போராடிய பேராசிரியர் சேனக பிபிலே அந்த ஊரின் பெயரைத் தன் பெயரில் கொண்டிருந்தவர். 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர்தான். அந்த வழியால் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

கிளினிக்கில் குளிசைகளைச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதித் தருவார்கள். பயணத்துக்கு இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று அவற்றையெல்லாம் ஒரே போத்தலில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறை உறையாகவே, ஈரம் உள்ளே புகாத ஒரு சிப் பையில் வையுங்கள். எழுத்து அழிந்திருந்தால் பேனையால் மேலே மீண்டும் எழுதுங்கள். தகட்டில் வருகிறவற்றைத் தகட்டோடுதான் வைத்திருக்க வேண்டும். வலிப்புக்குப் பாவிக்கிற சோடியம் வல்புரோவேற் போன்றவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பழுதாகும். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை அதன் கண்ணாடிப் போத்தலை விட்டு வெளியே வரவே கூடாது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் அதன் வீரியம் போய்விடும். திறந்து எட்டு வாரம் கடந்திருந்தால் பயணத்துக்கு முன் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்கு எடுப்பது? போகிற நாட்களை எண்ணி, அதற்கு மேல் மூன்று நான்கு நாளுக்காவது கூட வையுங்கள். மார்கழி விடுமுறையில் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மலையில் மண் சரிந்தாலோ, மகாவலி பெருகி மன்னம்பிட்டிப் பக்கம் வீதியில் வெள்ளம் ஏறினாலோ, ஞாயிறு திரும்ப வேண்டியவர்கள் புதன்கிழமைதான் வீடு வருவார்கள். பிரஷருக்கும் இதயத்துக்கும் போடுகிற அட்டெனொலோல் வகைக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடப்பும் நோவும் வரலாம். வலிப்புக் குளிசை தவறிய இரவில், வானில் நித்திரை முழிப்பும் சேர்ந்துவிட்டால், வலிப்பு வர அதுவே போதும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் இரத்தம் கட்டியாகாமல் இருக்கப் போடுகிற வோர்பரினும் ஒரு நாள்கூட விடக்கூடாத மருந்து. கிளினிக் திகதி பயண நாட்களுக்குள் விழுந்தால், முன்கூட்டியே கொப்பியுடன் போய் விஷயத்தைச் சொல்லுங்கள்.

இனி, பையை எங்கே வைப்பது என்பது. கரியரிலும் வேண்டாம், டிக்கியிலும் வேண்டாம், முன்கண்ணாடிக்குக் கீழேயும் வேண்டாம். நம்முடைய வெயிலில் நிறுத்தி வைத்த வானுக்குள் 50 பாகை செல்சியஸுக்கு மேலேயும் சூடு ஏறும். பெரும்பாலான மருந்துகள் 25 அல்லது 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லப்பட்டவை. இன்ஹேலர் அழுத்தம் நிரம்பிய தகர டப்பா என்பதால் அந்தச் சூட்டில் வெடிக்கவும் கூடும். மருந்துப் பை யாராவது ஒருவரின் மடியிலோ தோளிலோ இருக்கட்டும். சாப்பிட இறங்கும்போது பையும் இறங்க வேண்டும்.

இன்சுலின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்சுலினை எப்போதும் ஐஸில்தான் வைக்க வேண்டும் என்று நினைத்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே புதைத்துக் கொண்டு போகிறார்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் மறுபடி பாவிக்க முடியாது. பார்க்க நல்லதுபோல இருக்கும், வேலை செய்யாது. திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் வேண்டும். திறந்து பாவிக்கிற போத்தல் 25 பாகை அளவான இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் கடதாசியில் எழுதிய கணக்கைப் பாருங்கள். பயணத்துக்கு வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று போதும். முதலில் அதற்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி வைத்துப் பின் கொட்டிவிட்டு, போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். ஐஸ் பை வைப்பதென்றால் அதற்கும் இன்சுலினுக்கும் இடையில் தடிப்பான துவாய் இருக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே அறையின் குளிரே பாவிக்கிற போத்தலுக்குப் போதும். விடுதி ஃபிரிட்ஜின் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து உறைய விடாதீர்கள். கதிர்காமம் போன்ற வெக்கையான இடத்தில் ஃபிரிட்ஜ் இல்லாத மடத்தில் தங்கினால், சின்ன மண்சட்டியில் தண்ணீர் விட்டு, தண்ணீர் புகாத பையில் போத்தலைக் கட்டி அதற்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். கிளினிக்கில் தருகிற பால் நிற இன்சுலினைக் கைகளுக்கிடையில் உருட்டிய பிறகும் கட்டிகள் மிதந்தால் எறிந்துவிடுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும் அப்படித்தான்.

ஊசியைவிட எனக்கு அதிகம் பயம் தருவது நேரம். விடிய நாலு மணிக்கு வீட்டில் ஊசி போட்டு, "வழியில சாப்பிடுவம்" என்று ஏறிவிடுகிறார்கள். கடை திறந்திருக்காது, பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள், சாப்பாடு ஒன்பது மணியாகிவிடும். இதற்கிடையில் பின் சீட்டில் அப்பப்பா நித்திரை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது நித்திரையா, சீனி இறங்கியதா என்று எழுப்பிப் பாருங்கள். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், தடுமாறிய பேச்சு இருந்தால் சீனி இறங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சீனியையோ குளுக்கோஸ் பக்கெட்டையோ மருந்துப் பையிலேயே வைத்துவிடுங்கள். சாப்பாடு எப்போது என்று உறுதியான பிறகே ஊசி போடுங்கள். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போடுகிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

பயணத்தன்று பெரியவர்கள் யாருக்கும் சொல்லாமல் விடுகிற குளிசை ஒன்று உண்டு. சலம் போகிற குளிசை. வழியில் கழிப்பறை கிடைக்காது, வானை நிறுத்தச் சொல்ல வெட்கம், அதனால் போடுவதில்லை. கூடவே தண்ணீரையும் குறைத்துவிடுவார்கள். இதய பலவீனத்துக்காக அதைப் போடுகிறவர்களுக்கு ஓரிரு நாளில் கால் வீங்கி மூச்சு முட்டத் தொடங்கும். அம்மாவிடம் நேராகக் கேளுங்கள், வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார். அந்தக் குளிசையை வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் முன்பே கேட்டுவைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். சாரதியிடம் எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்றும் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

சத்திக் குளிசை, மலை தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டால்தான் பயன் தரும். லுணுகலை, பசறை வளைவுகளிலோ மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவிலோ சத்தி தொடங்கிய பிறகு விழுங்குவது வெளியேதான் வரும். சத்திக் குளிசைகளில் ஒன்றான புரோமெதசின் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. நித்திரை வரவைக்கும் இந்த வகைக் குளிசையைச் சாரதிக்கு நீட்டாதீர்கள், தடிமனுக்குப் போடுகிற பிரிட்டன் (Piriton) குளிசையையும்தான்.

பிள்ளைகளின் காய்ச்சல் பாணியில் அளவைப் பாருங்கள். 5 மி.லீ.க்கு 120 மி.கி. பரசிட்டமோல் உள்ள போத்தலும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. ஒரு வேளைக்கு நிறையில் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கு. 12 கிலோ பிள்ளைக்கு 180 மி.கி., அதாவது முதல் போத்தலில் 7.5 மி.லீ. வழியில் வேறு போத்தல் வாங்கி அதே 7.5 மி.லீ.யைக் கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஆகவே உங்கள் வீட்டுப் போத்தலையும், அளக்கிற சிரிஞ்சையும் சேர்த்தே எடுங்கள். இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது நான்கு மணி நேரம், நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். காய்ச்சலுக்கு இபுபுரோபன், டைக்ளோபெனாக் வேண்டவே வேண்டாம். அது டெங்கு என்றால் இரத்தப் போக்கு கூடும். மிச்சம் கிடந்த அன்டிபயோட்டிக் குளிசைகளைப் பையில் வைக்காதீர்கள், வைத்தால் யாராவது போடுவார்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி பக்கெட் சில போதும். பக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, 24 மணி நேரத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். அரைப் பக்கெட் அரைக் கிளாஸ் என்று கண் அளவில் கலக்குவது ஆபத்து.

முட்டு வருத்தமுள்ள பிள்ளைக்கு, வெயிலூரிலிருந்து மலைக் குளிருக்குள் போகும் முதல் இரவுதான் கஷ்டம். ஊரில் பல மாதம் முட்டு வரவில்லை என்பதற்காக இன்ஹேலரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்ஹேலரில் பொருத்தி மருந்தை இழுக்கிற குழாயான ஸ்பேசர் பெரிய சாமான், இடம் பிடிக்கும் என்று அதை எடுத்து வெளியே வைக்கிறவர்கள் பலர். சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசர் இல்லாமல் மருந்து நெஞ்சுக்குள் போவது மிகக் குறைவு. அதற்குள் காலுறைகளைத் திணித்துக்கூடக் கொண்டு போகலாம், பாவிக்கும் முன் கழுவிக் காயவிடுங்கள்.

காத்தான்குடி, கல்முனைப் பக்கமிருந்து உம்றாவுக்கும், இங்கிருந்து வேளாங்கண்ணிக்கும் விமானத்தில் போகிறவர்கள் மருந்தையும் இன்சுலினையும் கைப்பையில் வைத்து, மருந்துத் துண்டையும் கூடவே கொண்டு போங்கள். நோவுக்குத் தருகிற கோடீன், டிரமடோல், பிரிகபலின் வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. உங்கள் குளிசையில் அவை இருந்தால், டிக்கற் எடுக்கும் காலத்திலேயே வைத்தியரிடமும் தூதரகத்திடமும் கேட்டுவிட வேண்டும்.

தங்குமிடம் போய்ச் சேர்ந்ததும் மருந்துப் பையைக் கட்டிலில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் அலுமாரிக்கு மேலே இருந்த மருந்து இங்கே பிள்ளையின் கைக்கு எட்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்துக் குளிசை சின்னவர்களுக்கு டொபி மாதிரித் தெரியும், சிலவற்றை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. பிள்ளை விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலும் சத்தி எடுக்க வைக்காமல், வெறும் தகட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். அறைக்குள் நுழைந்ததும் உயரமான ஆணி ஒன்றைத் தேடிப் பையை அதில் மாட்டிவிட்டு, பிறகு மற்றப் பெட்டிகளைத் திறவுங்கள்.